உங்களுக்குத் தெரியுமா? சுவிட்சர்லாந்தில் மலைகள் சும்மா நிற்பதில்லை

சுவிட்சர்லாந்து என்றதும் நமக்கு ஒரு காலண்டர் படம் ஞாபகம் வரும். வெள்ளைச் சிகரம், பச்சைப் புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய மாடு. படத்தில் எல்லாம் அசையாமல் இருக்கும். நிஜத்தில் அந்த நாட்டில் மலை உயர்கிறது, சரிகிறது, கரைகிறது. ஆறு இடம் மாறுகிறது. பனி உருகி நாட்டு எல்லையே நகர்கிறது. அப்படிச் சில சேதிகள் இங்கே.

உச்சியில் ஆப்பிரிக்கா

டோப்லரோன் சாக்லேட் பெட்டியில் பல ஆண்டுகள் இடம்பிடித்திருந்த கூர்மையான மலை மேட்டர்ஹார்ன். உயரம் 4,478 மீட்டர். அதன் உச்சியில் இருக்கும் பாறை ஐரோப்பாவுக்குச் சொந்தமானது அல்ல. ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து மோதிய கண்டத்தட்டின் துண்டு அது. அதற்குக் கீழே இருப்பது, இரண்டு நிலப்பரப்புகளுக்கும் நடுவே ஒரு காலத்தில் கிடந்த கடலின் தரை. டெத்திஸ் கடல் என்று பள்ளிக்கூடத்தில் இமயமலைப் பாடத்தில் படித்தோமே, அதன் மேற்குக் கிளை.

மலைக்கு அந்தக் கூர்மை எப்படி வந்தது? மோதல் மலையைத் தூக்கிவிட்டது, அவ்வளவுதான். செதுக்கியது பனி. மலையின் நான்கு பக்கமும் தங்கிய பனி, அடிவாரத்தைக் குடைந்து குடைந்து பின்னோக்கிப் போனது. நான்கு குடைவுகளும் நெருங்கி வந்தபோது நடுவில் எஞ்சியது இந்தக் கோபுரம்.

இன்னும் வளர்கிறது

ஆல்ப்ஸ் வளர்ந்து முடிந்த மலை அல்ல. ரோன் பள்ளத்தாக்கில் இருக்கும் பிரிக் ஊர்ப் பக்கம் நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் உயர்கிறது. பத்து லட்சம் ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் 1,500 மீட்டர்! அப்படியானால் ஆல்ப்ஸ் இந்நேரம் இமயத்தைத் தொட்டிருக்க வேண்டாமா? தொடாததற்குக் காரணம், உயர உயர மழையும் பனியும் ஆறும் தேய்த்து எடுத்துக்கொண்டு போவதுதான். பனியுகத்தில் மேலே அழுத்திக்கொண்டிருந்த பனிச்சுமை இறங்கியதும், மேற்பரப்பு அரிபட்டு எடை குறைவதும் இந்த உயர்வுக்குக் காரணங்களில் சேரும். தேய்வதனாலேயே மலை எழுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான சேதி.

பழசு மேலே, புதுசு கீழே

பாறை அடுக்குகளில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. நிலவியலின் முதல் விதி இது. கிளாரஸ் மாநிலத்து மலைகளில் இந்த விதி தலைகீழாகக் கிடக்கிறது. 25 கோடி முதல் 30 கோடி ஆண்டுகள் பழைய பாறை மேலே, 3.5 கோடி முதல் 5 கோடி ஆண்டுகளே ஆன பாறை கீழே. இரண்டுக்கும் நடுவே மலை முகட்டில் ஒரு நேர்கோடு. தரையில் நின்று பார்த்தாலே தெரியும்.

இந்தக் கோட்டுக்கு விளக்கம் சொல்ல 19-ம் நூற்றாண்டு முழுக்கச் சண்டை. சுவிஸ் நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைம், இரண்டு பக்கமிருந்தும் பாறை மடிந்து விழுந்தது என்று வாதாடினார். அந்த மலைகளைப் பார்க்காமலேயே, எழுதி வைத்த விவரங்களை மட்டும் படித்துவிட்டு 1884-ல் பிரான்சைச் சேர்ந்த மார்செல் பெர்த்ரான் வேறு விடை சொன்னார். ஒரே ஒரு பெரும் பாறைத் தகடு தெற்கிலிருந்து நகர்ந்து வந்து இளைய பாறையின் மேல் ஏறிக்கொண்டது என்றார். அவர் சொன்னதே சரி என்று பின்னர் ஹைமும் ஒப்புக்கொண்டார். சர்தோனா என்ற பெயரில் அந்த இடம் 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மலையில் ஒரு ஜன்னல்

அதே மலைவரிசையில் எல்ம் என்ற கிராமத்துக்கு மேலே பாறைச் சுவரை ஊடுருவிப் போகும் ஓட்டை ஒன்று இருக்கிறது. மார்ட்டின்ஸ்லோக் என்று பெயர். இளகிய பாறை உதிர்ந்து உதிர்ந்து உண்டான துவாரம். ஆண்டுக்கு இரு பருவங்களில், மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும், காலைச் சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும்போதே ஓட்டை வழியாக ஒரு கற்றை ஒளி இறங்கி ஊர்த் தேவாலயத்தின் மேல் விழும். ஓரிரு நிமிடம்தான். ஊர் முழுக்க நிழலில் இருக்க, தேவாலயம் மட்டும் மஞ்சளாக ஒளிரும்.

சிலேட்டு எடுத்த மலை

எல்ம் ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு, சோகக் கதை. அங்கே வெட்டி எடுத்த கரிய பலகைக்கல் தகடுகள் பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டுகளாகி வெளிநாடுகளுக்கும் போயின. நல்ல வருமானம். மலையின் அடியிலேயே குடைந்துகொண்டு போனார்கள். மேலே விரிசல் விட்டது, அகன்றது, கற்கள் உருண்டன. 1881 செப்டம்பர் 11 மாலை மலையின் ஒரு பக்கம் அப்படியே இறங்கியது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாறைத் தூள் தரையில் விழுந்த இடத்தோடு நிற்காமல், தட்டையான பள்ளத்தாக்கில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. பெரிய பாறைச் சரிவுகள் எப்படி இவ்வளவு தூரம் ஓடுகின்றன என்ற ஆராய்ச்சியே எல்ம் சரிவைப் பார்த்த பிறகுதான் சூடுபிடித்தது.

ரயில் நிலையத்துக்கு அடியில் ஒரு கிராமம்

ஜூரிக்கிலிருந்து இத்தாலிக்கு ரயிலில் போகிறவர்கள் ஆர்த்-கோல்டாவ் நிலையத்தைக் கடந்து போவார்கள். அந்த நிலையம் நிற்பது 1806 செப்டம்பர் 2 அன்று ரோஸ்பெர்க் மலையிலிருந்து சரிந்து வந்த பாறைக் குவியலின் மேல். அன்று கோல்டாவ் கிராமம் புதைந்தது. இறந்தவர்கள் 457 பேர்.

காரணம் மலையின் அடுக்கிலேயே இருந்தது. மேலே கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய கெட்டிப் பாறை; அதன் கீழே களிமண் கலந்த மென்மையான அடுக்கு; இரண்டும் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்து கிடந்தன. அந்தக் கோடையில் விடாத மழை. நீர் இறங்கி மென்மையான அடுக்கு குழைந்ததும் மேலிருந்த பாறை வழுக்கிக்கொண்டு வந்தது. ஏறத்தாழ 4 கோடி கன மீட்டர் பாறை. அதில் ஒரு பகுதி லவெர்ஸ் ஏரியில் விழ, எழுந்த அலை எதிர்க்கரை வீடுகளையும் அடித்துப் போனது.

இன்று அந்த இடிபாட்டுக் காட்டில் விலங்குப் பூங்கா இருக்கிறது. வீடளவு பாறைகளுக்கு நடுவே மரங்கள் வளர்ந்து, மான்கள் திரிகின்றன. 200 ஆண்டுகளில் காடு மூடிவிட்டது. ஆனால் நிமிர்ந்து ரோஸ்பெர்க்கைப் பார்த்தால் சரிந்த தடம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அதைவிட 250 மடங்கு

கோல்டாவ் பெரிய சரிவு என்றால், கிராவ்புண்டன் மாநிலத்தில் உள்ள ஃபிளிம்ஸ் சரிவை என்ன சொல்வது? ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே விழுந்த பாறை 10 கன கிலோமீட்டர் அளவு. ஆல்ப்ஸ் மலையிலேயே நாம் அறிந்த மிகப் பெரிய சரிவு அதுதான். ரைன் ஆற்றை அப்படியே அடைத்துவிட்டது. மேல்புறம் ஏரி தேங்கியது. ஆறு விடவில்லை. அடைப்பின் மேலேறி வழிந்து, நொறுங்கிய சுண்ணாம்புக் கல்லை அறுத்து அறுத்து இறங்கியது. இன்று 300 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் வெள்ளைச் சுவர்களோடு கிடக்கும் ருயினவுல்டா பள்ளத்தாக்கு அப்படிப் பிறந்ததுதான். அதற்குள் ஆற்றோரமாக ரயில் போகிறது. இன்டர்லாக்கன், டிட்லிஸ் என்று மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பும் நம்மூர்ப் பயணிகள் தவறவிடக் கூடாத பாதை இது என்பேன்.

மதுக் கிடங்கு தோண்டியபோது

லூசர்ன் நகரில் பாறையில் செதுக்கிய சிங்கச் சிலை இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் அங்கே நிற்கும். அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் இன்னோர் இடத்தை நம்மவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

1872-ல் யோசஃப் வில்ஹெல்ம் அம்ரைன் என்பவர் திராட்சை மது வைக்க நிலவறை தோண்டினார். மண்ணை அள்ளியபோது கீழே பாறையில் வழவழப்பான வட்டக் குழி ஒன்று தெரிந்தது. தோண்டத் தோண்ட இன்னும் குழிகள். மிகப் பெரியது 9.5 மீட்டர் ஆழம், 8 மீட்டர் அகலம். கிடங்கு வேலையை விட்டுவிட்டு அடுத்த ஆண்டே அந்த இடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்.

குழியைச் செய்தது பனியாற்றின் அடியில் ஓடிய தண்ணீர். மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் பனி; அந்த அழுத்தத்தில் அடியில் உருகிய நீர் மணலையும் கல்லையும் சுமந்து சுழன்று சுழன்று பாறையைக் குடைந்திருக்கிறது. சில குழிகளின் அடியில் உருண்டைக் கற்கள் அப்படியே கிடக்கின்றன. எட்டிப் பார்த்தால் நம் வீட்டு ஆட்டுக்கல்லும் குழவியும் கண்முன் வரும். குழியின் சுவரில் விரலை ஓட்டினால் சொரசொரப்பே இருக்காது.

இதில் இன்னொரு வியப்பு. அதே இடத்துப் பாறையில் பனை ஓலையின் புதைபடிவமும் கடல் சிப்பிகளும் கிடைத்திருக்கின்றன. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் லூசர்ன் வெப்பமான கடற்கரை. 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிக்கு அடியில். இன்று கடிகாரக் கடைகள்.

வேட்டைக்காரர் சொன்ன பனியுகம்

பனியுகம் என்ற கருத்தை உலகறியச் செய்தவர் லூயி அகாசி. 1837-ல் நியூஷாடெல் நகரில் சுவிஸ் இயற்கை அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் அதைப் பேசினார். அவருக்கு முன்பே அதைக் கண்டு சொன்னவர் ஒரு மலைவாசி: பான்ய் பள்ளத்தாக்கைச் சேர்ந்த வேட்டைக்காரர் ழான்-பியேர் பெரோதான். பாறைகளில் கீறல் தடங்கள், அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெரும் கற்கள். இவற்றைப் பார்த்து, ‘ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் பனி நிறைந்திருக்க வேண்டும்’ என்று 1815-ல் ழான் தெ ஷார்பான்டியே என்ற சுரங்கப் பொறியாளரிடம் சொன்னார். அவர் நம்பவில்லை. பிறகு இக்னாஸ் வெனெட்ஸ் என்ற பொறியாளர் அதை எடுத்துக்கொண்டார். வெனெட்ஸ் ஷார்பான்டியேயை நம்பவைத்தார். ஷார்பான்டியே அகாசியை நம்பவைத்தார். பெயர் கடைசி ஆளுக்குப் போய்விட்டது. பெரோதானின் பெயரைப் பாடப் புத்தகங்கள் முதலில் சொல்ல வேண்டும்.

நியூஷாடெல் நகருக்கு மேலே காட்டுக்குள் பியேர்-ஆ-போ என்ற பெரும் பாறை கிடக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக் கல். இது மட்டும் கிரானைட். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மோன் பிளாங்க் பக்கத்திலிருந்து பனியாறு சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போனது.

நம் மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் ‘வெண்ணெய் உருண்டை’யைப் பார்த்ததும் சிலர் அதுவும் எங்கிருந்தோ வந்தது என்று நினைப்பதுண்டு. அது எங்கும் போகவில்லை. வெயிலும் மழையும் கிரானைட்டின் முனைகளை முதலில் தின்று, இருந்த இடத்திலேயே உருட்டி வைத்த கல் அது.

தொப்பி போட்ட தூண்கள்

வாலே மாநிலத்தில் எய்சேய் என்ற சிற்றூர். சாலையோரம் 10, 15 மீட்டர் உயரத்தில் மண் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. பலவற்றின் உச்சியில் ஒரு பாறை. இரண்டு பனியாறுகள் சந்தித்த இடத்தில் அவை கொட்டிவிட்டுப் போன களிமண், மணல், கல் கலந்த மேடு அது. மழை மேட்டைக் கரைத்தது. பெரிய கல் இருந்த இடத்தில் மட்டும் கீழே உள்ள மண் நனையாமல் தப்பியது. சுற்றியுள்ளது போய்விட, கல்லுக்கு அடியில் இருந்த மண் தூணாக நின்றுவிட்டது.

உற்றுப் பார்த்தால் தூணின் உடம்பில் சிறிய கற்கள் துருத்திக்கொண்டிருப்பதும், ஒவ்வொன்றின் அடியிலும் சின்னதாக ஒரு முகடு இருப்பதும் தெரியும். பெரிய கல் செய்ததையே சிறிய கல்லும் தன் அளவுக்குச் செய்கிறது. தலையில் இருக்கும் கல் விழுந்துவிட்டால் அந்தத் தூணின் ஆயுள் அதோடு சரி, மழை கரைத்துவிடும். சாலை போடும்போது இந்தத் தூண்களை இடிக்காமல், அடியில் துளைத்துச் சிறு சுரங்கமாக வழி எடுத்திருக்கிறார்கள்.

மலைக்குள் அருவி

லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு பனியாறு தோண்டிய ‘யு’ வடிவப் பள்ளம். இரு பக்கமும் செங்குத்துச் சுவர். அங்கே ட்ரும்மெல்பாக் அருவி மலைக்கு உள்ளேயே பத்து அடுக்குகளாக விழுகிறது. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் ஆகிய மூன்று சிகரங்களின் இந்தப் பக்கத்துப் பனி உருகும் நீர் இந்த ஒரே துளை வழியாக வருகிறது. வெள்ளக் காலத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. ஆண்டுக்கு 20,000 டன் கல்லும் மண்ணும் கூடவே இறங்குகிறது. பாறைக்குள் நிற்கும்போது காலடியில் அதிர்வை உணரலாம்.

200 கிலோமீட்டர் இருட்டு

சத்தமே இல்லாமல் வேலை செய்வது மழைநீர். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும். நம் அரக்குப் பக்கத்து போரா குகைகள் அப்படி வந்தவைதான். சுவிட்சர்லாந்தின் முவோட்டா பள்ளத்தாக்கில் ஹோல்லோக் குகையில் இதுவரை அளந்த வழிகளே 200 கிலோமீட்டரைத் தாண்டும். 1952 ஆகஸ்டில் ஆல்ஃபிரட் பொக்லி என்ற ஆய்வாளரும் மூன்று தோழர்களும் உள்ளே இருந்தபோது வெள்ளம் வந்து வழியை அடைத்தது. பத்து நாள் கழித்து உயிரோடு வெளியே வந்தார்கள்.

மனிதர் தொடங்கினார், ஆறு முடித்தது

காண்டர் ஆறு வெள்ளம் வந்து ஊர்களை அழிக்கிறது என்று பெர்ன் அரசு அதைத் திருப்பித் தூன் ஏரிக்குள் விட முடிவு செய்தது. குறுக்கே ஒரு குன்று. சுரங்கம் வெட்டி 1714-ல் ஆற்றை விட்டார்கள். ஆறு சுரங்கத்தின் தரையை அரித்து அரித்துக் கூரையையே இடித்து விழச் செய்து, தனக்கு ஒரு பள்ளத்தாக்கை வெட்டிக்கொண்டது. ஏரியில் சேறும் சரளையும் கொட்டிப் புதிய கழிமுகம் ஒன்றை உண்டாக்கியது. ஏரிக்குள் கூடுதல் நீர் வந்ததால், அதுவரை தப்பியிருந்த தூன் நகரத்தை வெள்ளம் சூழ்ந்தது. பிறகு ஏரியின் வெளிவாயைத் திருத்த வேண்டிவந்தது.

நடந்து போகக்கூடிய தீவு

தத்துவஞானி ரூசோ 1765-ல் சில வாரங்கள் தங்கியிருந்த செயின்ட் பீட்டர் தீவு, பியேல் ஏரியின் நடுவே இருந்தது. 19-ம் நூற்றாண்டில் ஆரே ஆற்றைத் திருப்பி ஏரிகளின் மட்டத்தைத் தாழ்த்தினார்கள். நீருக்கடியில் இருந்த மேடு வெளியே வந்தது. இன்று தீவுக்கு நடந்தே போகலாம்.

வேண்டுதலை மாற்றிய ஊர்

17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கடுங்குளிர். ஆல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறான அலெட்ஷ் வளர்ந்து கீழே இறங்கியது. அதன் ஓரத்தில் தேங்கிய ஏரி உடைந்து வெள்ளமும் வந்தது. ‘பனி வளரக் கூடாது’ என்று ஃபீஷ் ஊரார் 1678-ல் நேர்ந்துகொண்டார்கள். பின்னாளில் ஆண்டுதோறும் ஊர்வலமாகவும் போய் வேண்டினார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேல் அந்த வேண்டுதல் தொடர்ந்தது. இப்போது பனி வேகமாகக் குறைகிறது. ‘பனி உருகக் கூடாது’ என்று மாற்றி வேண்ட அனுமதி கேட்டு வாட்டிகனுக்கு விண்ணப்பித்தார்கள். 2010-ல் அனுமதி கிடைத்தது. நேர்த்திக்கடனை மாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் ஊர் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டே ஆண்டில் பத்தில் ஒரு பங்கு

2022-ல் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கொள்ளளவில் 6 சதவீதத்தை இழந்தன. 2023-ல் 4 சதவீதம். 1960 முதல் 1990 வரை முப்பது ஆண்டுகளில் இழந்த அளவை இந்த இரண்டே ஆண்டுகளில் இழந்துவிட்டன. ஃபுர்கா கணவாயில் ரோன் பனியாற்றின் ஒரு பகுதியைக் கோடையில் வெள்ளைப் போர்வையால் மூடிவைக்கிறார்கள். பனி விலகிய பள்ளத்தில் புதிதாக ஓர் ஏரி தேங்கியிருக்கிறது.

பனி உருகினால் எல்லை நகரும்

மேட்டர்ஹார்ன் பக்கம் சுவிட்சர்லாந்து-இத்தாலி எல்லை, நீர் பிரியும் முகட்டுக் கோட்டில் போகிறது. முகடே பனி என்றால்? பனி உருகினால் முகடு இடம் மாறும். இரண்டு நாடுகளும் பேசி 2023-ல் புதிய கோட்டுக்கு உடன்பட்டன.

மலையை ஒட்டி வைத்திருக்கும் பசை

உயரமான ஆல்ப்ஸ் பாறைகளின் விரிசல்களில் ஆண்டு முழுதும் உருகாத பனி இறுகியிருக்கிறது. பாறையைப் பிடித்து வைத்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. 1987-ல் கோர்வாட்ஷ் மலையில் துளையிட்டு அதன் வெப்பநிலையை அளக்கத் தொடங்கினார்கள். உறைந்த நிலம் சூடாகிக்கொண்டே வருகிறது. 2003-ன் கடும் கோடையில் மேட்டர்ஹார்னிலேயே பாறை விழுந்து ஏறுபவர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருந்தது. 2017 ஆகஸ்ட் 23 அன்று பிட்ஸ் செங்காலோ மலையிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் கன மீட்டர் பாறை இறங்கியது. மலைநடை போன எட்டுப் பேர் மடிந்தார்கள். சேறு கீழே போண்டோ கிராமம் வரை வந்தது.

எல்லாச் சரிவுக்கும் வெப்பம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பாறையின் அடுக்கு, பழைய விரிசல், மழை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 1991-ல் ராண்டா ஊரில் 3 கோடி கன மீட்டர் பாறை இரண்டு தவணையாக விழுந்தது. ஜெர்மாட் போகும் சாலையும் ரயில் பாதையும் மறைந்தன. ஆட்களுக்குச் சேதம் இல்லை.

மலை நின்ற இடம்

கிராவ்புண்டனில் பிரியன்ஸ் என்ற சின்னக் கிராமம். மக்கள் நூறு பேர்கூட இல்லை. மேலே மலை நகர்கிறது. கீழே ஊர் நிற்கும் நிலமும் நகர்கிறது. ராடாரும் அளவுக் கருவிகளும் வைத்து இரவு பகலாக அளக்கிறார்கள். வேகம் கூடியதும் 2023 மே மாதம் ஊரையே காலி செய்தார்கள். ஜூன் 15 நள்ளிரவில் மலை விழுந்தது. பாறைகள் ஊரின் விளிம்பை எட்டி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டன.

பிளாட்டன், 2025 மே 28

லோட்சென்டால் பள்ளத்தாக்கில் பிளாட்டன் கிராமம். அதற்கு மேலே கிளைனஸ் நெஸ்ட்ஹார்ன் என்ற சிகரம் நொறுங்கி, கீழே இருந்த பிர்ஷ் பனியாற்றின் முதுகில் கல்லைக் கொட்டிக்கொண்டே இருந்தது. பாரம் ஏற ஏறப் பனியாறு வேகமெடுத்தது. அளந்துகொண்டிருந்தவர்கள் எச்சரித்தார்கள். மே 19 அன்று ஏறத்தாழ 300 பேரையும் வெளியேற்றினார்கள். மாடுகளும் வெளியேறின.

ஒன்பது நாள் கழித்துப் பிற்பகலில் பனியும் பாறையும் சேர்ந்து இறங்கின. ஊரில் 90 சதவீதம் புதைந்தது. லோன்சா ஆறு அடைபட்டு ஏரியானது. எஞ்சியிருந்த வீடுகளும் நீரில் மூழ்கின. உயிரிழந்தவர் ஒருவர். ஒரு கிராமமே இல்லாமல் போன நாளில், அதன் மக்கள் ஏறத்தாழ அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். மலையைத் தடுத்து நிறுத்த யாராலும் முடியவில்லை. ஆனால் அளந்தார்கள், அளவை நம்பினார்கள், நம்பியவர்கள் போய்த் தங்க இடம் இருந்தது.

இந்த மூன்றாவதுதான் நம் பக்கம் இல்லாமல் போகிறது. இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன் வீடுகளோடு தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. போகச் சொன்னவர்கள் எங்கே போவது என்று வீடு காட்டவில்லை. வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் 250-க்கும் மேற்பட்டோர் தூக்கத்திலேயே போனார்கள். அங்கே மலையை உடைத்தது பனி அல்ல, இரண்டே நாளில் கொட்டித் தீர்த்த மழை. மழையை அளக்கச் சுவிட்சர்லாந்தின் ராடார் வேண்டாம். ஒரு மழைமானியும், அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும், சொன்னதும் ஏறிக்கொள்ள ஒரு வண்டியும், இறங்கித் தங்க ஒரு கூரையும் போதும்.

கடைசியாக ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல், வயநாடு, மலையகம் என்று சரிவில் வீடு இருப்பவர்களுக்கும் அங்கே உறவினர் இருப்பவர்களுக்கும் இது. பெருமழைக் காலத்தில் தரையிலோ சுவரிலோ புது விரிசல், நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது, கதவு ஜன்னல் திடீரென இறுகுவது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, ஓடை நீர் சட்டென்று சேறாவது அல்லது வற்றுவது. இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டை விட்டு வெளியேறிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இலங்கையில் 117.